நடுவயதில் வெள்ளை பெல்ட்

முப்பதையோ நாற்பதையோ கடந்த பிறகு சண்டைக்கலை ஒன்றைக் கற்க முன்வருபவருக்குத் தமிழ்ச் சூழலில் தெளிவான இடம் எதுவும் வகுக்கப்படவில்லை. பதக்கம் வாங்கும் வயது அவருக்குக் கடந்துவிட்டது. காவல்துறையிலோ படையிலோ இல்லாததால் தொழில் சார்ந்த தேவையும் இல்லை. ஆகவே அவர் செய்வது பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படுகிறது, கலையின் உண்மையான உரிமையாளர்கள் வேறு யாரோ என்ற எண்ணம் அவரிடமும் அவரைச் சுற்றியிருப்போரிடமும் ஒருசேர நிலைபெறுகிறது. வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோவும், ஒகினாவாத் தீவின் கராத்தேயை 1922இல் டோக்கியோவில் நிகழ்த்திக்காட்டிய ஃபுனாகோஷி கிச்சினும் ஆசிரியத் தொழில் செய்தவர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையிலும் இரவிலும் பயின்றவர்களின் கையில்தான் இக்கலைகள் இன்றைய உருவத்தைப் பெற்றன என்பதால், அலுவலகம் முடிந்து பயிற்சிக்கூடத்துக்குள் நுழையும் நடுவயதுக்காரர் அங்கே விருந்தாளியாகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கானோவின் கதை இதற்குப் போதுமான சான்று. 1860இல் பிறந்த அவர் ஏறத்தாழ ஐந்தடி இரண்டு அங்குல உயரமே உடையவர். மாணவப் பருவத்தில் வலுத்த பிள்ளைகளின் அடிக்கும் கேலிக்கும் ஆளானதால், 1877இல், பதினேழாம் வயதில், ஜுஜுட்சு எனப்பட்ட பழைய மற்போர் முறையைக் கற்பிக்கும் ஆசானைத் தேடி அலைந்தார். அந்தத் தேடல் எளிதாக இருக்கவில்லை. ஜப்பானின் மெய்ஜி ஆட்சி 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்துவிட்டிருந்தது. சாமுராய்களின் உலகமே கலைந்துகொண்டிருந்தது. அவர்களுடைய கலைகளைக் கற்பித்தவர்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டு வயிறு வளர்த்தனர். கானோ தம் முதல் ஆசானாகிய ஃபுகுடா ஹச்சினோசுகேயைக் கண்டடைந்ததும் அத்தகைய எலும்பு வைத்தியர்கள் வழியாகத்தான். (குமரி மாவட்டத்தில் சிலம்பமும் அடிமுறையும் கற்பித்த ஆசான்களே வர்ம வைத்தியர்களாகவும் விளங்கியதை அறிந்தவர்களுக்கு இந்த இணைப்பு வியப்பளிக்காது. உடலை முறிக்கக் கற்றவரே அதைச் சேர்க்கவும் கற்றிருந்தார்.) ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 1882இல், டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவுள்ள அறையொன்றில் கானோ தம் கோடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் உயர்குடிப் பிள்ளைகளுக்கான காக்குஷுயின் பள்ளியில் அரசியலும் பொருளியலும் கற்பிக்கும் பணியிலும் சேர்ந்தார்; பின்னாளில் டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்தார். அவருக்குச் சோறு போட்டது கல்வித்துறை.

கானோவின் மிகப் பெரிய பங்களிப்பு அவர் சேர்த்த உத்திகளில் இல்லை, நீக்கியவற்றில் இருக்கிறது. பழைய ஜுஜுட்சுவில் கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது, உயிர்நிலையில் அடிப்பது போன்ற கொடிய உத்திகள் நிறைய இருந்தன. அவற்றை முழு விசையோடு யார்மீதும் செய்துபார்க்க முடியாது என்பதால், பயிற்சி பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்ட அசைவுகளின் வரிசையாகவே நடந்தது. இவ்வரிசைக்குக் கட்டா என்று பெயர். கானோ கொடிய உத்திகளைக் கட்டாவுக்குள் பாதுகாத்துவைத்து, எறிதல், பிடித்து அமுக்குதல், கழுத்தை இறுக்குதல், முழங்கை மூட்டைப் பூட்டுதல் ஆகியவற்றை ரண்டோரி எனப்படும் தடையற்ற பயிற்சிக்கு உரியவையாக்கினார். ரண்டோரியில் எதிராளி ஒத்துழைப்பதில்லை; அவரும் முழு முயற்சியோடு எறியப் பார்க்கிறார்; அடுத்த கணம் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியாது. அபாயமானதை விலக்கியதால்தான் முழு வலிமையோடு நாள்தோறும் பயில முடிந்தது, நாள்தோறும் பயின்றதால்தான் எஞ்சிய சில உத்திகள் எதிர்க்கும் உடல்மீதும் பலிக்கும் அளவுக்குக் கூர்மை பெற்றன. தெருச்சண்டைக்கு உடனடிப் பயன் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பல வகுப்புகள் மறந்துவிட்ட உண்மை இது: எதிர்ப்பே காட்டாத துணையாளரின் மணிக்கட்டைத் திருகிப் பழகுவதால் கிடைப்பது நம்பிக்கை மட்டுமே, அதுவும் பொய்யான நம்பிக்கை. அலுவலகம் போய்வரும் ஒருவர் பழுதில்லாமல் பத்தாண்டு பயிலத்தக்க முறையே அவருக்கு உண்மையான திறனையும் தரும் என்பதைக் கோடோகானின் அமைப்பு நூற்று நாற்பது ஆண்டுகளாக மெய்ப்பித்துவருகிறது.

இந்த முறைக்குள் தோல்வியை ஒப்புக்கொள்வதற்கும் வழி உண்டு. கழுத்து இறுகும்போதோ மூட்டு எல்லைக்கு வளைக்கப்படும்போதோ, பிடிபட்டவர் எதிராளியின் உடலிலோ பாயிலோ இருமுறை தட்டினால் பிடி அக்கணமே விடப்படும். தம் துறையில் பதவியும் மரியாதையும் பெற்றுவிட்ட நடுவயதுக்காரருக்குத் தட்டுவது கடினமாக இருப்பதுண்டு. இருபது வயதுப் பெண்ணொருத்தியிடம் மூச்சு முட்டித் தட்ட வேண்டிவரும் முதல் மாதத்திலேயே பயிற்சியைக் கைவிடுபவர்களும் உண்டு. ஆயினும் ஒரு மாலைக்குள் பலமுறை தோற்று, தோற்ற கையோடு வணங்கி எழுந்து, மறுபடியும் அதே ஆளைப் பிடிக்கும் வாய்ப்பை வேறெந்தச் சூழலும் வளர்ந்த மனிதருக்கு அளிப்பதில்லை. அலுவலகத்தில் தோல்வி மறைக்கப்படுகிறது, வீட்டில் அது வாக்குவாதமாகிறது. பாயின்மேல் அது அடுத்த முயற்சிக்கான தகவலாக மட்டும் நிற்கிறது.

ஜூடோவின் முதல் பாடம் எறிவதன்று, விழுவது. உகெமி எனப்படும் இந்த விழும் முறையில், தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்தலை தரையில் மோதாமல் காத்து, முதுகை வளைத்து உருண்டு, உடல் தரையைத் தொடும் கணத்தில் முழுக் கையாலும் பாயை அறைவதன் வழியாகத் தாக்கத்தின் விசை ஒரே இடத்தில் குவியாமல் பரவச் செய்யப்படுகிறது. குழந்தைக்குத் தரை அருகிலேயே இருப்பதால் அது விழ அஞ்சுவதில்லை. வளர்ந்தவருக்கோ விழுதல் என்பது பல பத்தாண்டுகளாகத் தவிர்த்துவந்த ஆபத்து, ஆகவே அவர் உடல் தன்னையறியாமலே கையை நீட்டித் தரையைத் தடுக்கப் பார்க்கிறது. நீட்டிய கையில்தான் மணிக்கட்டும் தோள்மூட்டும் காறையெலும்பும் பழுதடைகின்றன. எனவே வயதுவந்த மாணவர் முதலில் செய்ய வேண்டியது தம் உடலில் ஊறிய பழக்கமொன்றை அழிப்பது, அதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் பிடிக்கும். குந்திய நிலையிலிருந்து பின்னால் சாய்ந்து, பிறகு நின்ற நிலையிலிருந்து, பிறகு நடந்துகொண்டே, கடைசியில் பிறர் எறிய விழுவது என்று உயரம் படிப்படியாகக் கூட்டப்படுகிறது.

இதில் அவசரம் காட்டினால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானின் பள்ளிகளே துயரமான சான்று. 1983க்குப் பிந்தைய மூன்று பத்தாண்டுகளில் அங்குப் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். பெரும்பாலோர் தலைக்காயத்தால் மாண்டவர்கள், அவர்களில் முதலாண்டு மாணவர்களே மிகுதி. எதிராளியின் காலைப் பின்புறமிருந்து வாரி மல்லாக்க வீழ்த்தும் ஒசோட்டோ-கரி போன்ற எறிதல்கள், விழக் கற்காதவரின் பின்தலையை நேராகத் தரையில் மோதச் செய்கின்றன. 2022இல் அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியையே கைவிட்டது. பிஞ்சு வயதிலேயே வெற்றி ஒன்றையே குறியாகக் கொள்ளும் போக்கு கலையைக் கெடுக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஜூடோ பிறந்த நாடே, போட்டியை இலக்காகக் கொள்ளாத பயிற்சியின் மதிப்பைத் தாமதமாகவேனும் உணர்ந்திருக்கிறது.

விழக் கற்பதன் பயன் பாயோடு முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். எதிர்பாராத காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே உரியது, இறப்போரில் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையில் விழுந்து எழாமலே போன முதியவர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. நெதர்லாந்தில் சண்டைக்கலையின் விழும் உத்திகளை எளிமையாக்கி முதியோருக்குக் கற்பித்துப் பார்த்த ஆய்வாளர்கள், பக்கவாட்டில் விழும்போது இடுப்பில் இறங்கும் விசையை அவ்வுத்திகள் குறைப்பதை அளந்து காட்டினர். நாற்பது வயதில் தொடங்கப்படும் உகெமி எழுபது வயதுக்கான சேமிப்பு.

அடுத்து வலிமை. ஜூடோவுக்கு வலிமை தேவையில்லை, உத்தி போதும் என்ற பேச்சு பரவலாக உண்டு. சிறிய உடலுள்ளவர்களைக் கவர்வதற்கு அது உதவலாம், ஆனால் உண்மையன்று. கானோ தம் இளமையில் ஃபுகுஷிமா என்ற கனத்த உடலுள்ள மூத்த மாணவரை வெல்ல முடியாமல், சுமோ உத்திகளை முயன்றும் பலிக்காமல், நூலகத்துக்குப் போய் மேனாட்டு மற்போர் நூல்களைப் புரட்டி, எதிராளியைத் தோள்களின் குறுக்கே சுமந்து எறியும் முறையொன்றைக் கண்டெடுத்து அவரை வீழ்த்தினார். கட்டா-குருமா என்று இன்று வழங்கும் அந்த எறிதலை உத்தியின் வெற்றியாக மட்டுமே சொல்வது வழக்கம். ஒரு கனத்த ஆளைத் தோளில் ஏற்றி எழுவதற்குத் தொடையிலும் முதுகிலும் வலிமை வேண்டும் என்பதைச் சொல்பவர் குறைவு. ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துதல் என்று கானோ வகுத்த கொள்கைக்கு, பயன்படுத்தத்தக்க ஆற்றல் முதலில் உடலில் இருந்தாக வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில் ஆறரை அடி உயர டச்சுக்காரரான ஆன்டன் கேசிங்க், ஜப்பானின் காமினாகா அகியோவைத் தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். களத்துக்குள் ஓடிவர முயன்ற தம் ஆதரவாளர்களைக் கேசிங்க் கையுயர்த்தித் தடுத்து, எதிராளிக்கு உரிய வணக்கத்தைச் செலுத்திய பிறகே வெற்றியைக் கொண்டாட இடங்கொடுத்தார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பேருடலும் முழு உத்தியும் ஒருவரிடமே சேரும்போது உத்தி மட்டும் உடையவர் தோற்பார் என்பதை அந்தப் போட்டி உலகறியச் செய்தது.

வலிமை எப்படி வளர்கிறது என்பதை அறிந்துகொள்வது வயதுவந்த மாணவருக்குப் பொறுமையைத் தரும். தசை நார்கள் தனித்தனியாக இயங்குவதில்லை; ஒரு நரம்பணுவும் அது தூண்டும் நார்களின் தொகுதியும் சேர்ந்து இயக்க அலகு எனப்படுகிறது. எடை தூக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் வலிமை விரைந்து கூடுவதற்குக் காரணம் தசை பருப்பது அன்று. கூடுதலான இயக்க அலகுகளை ஒரே நேரத்தில், ஒழுங்காகத் தூண்ட நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதே காரணம். தசையின் பருமன் அதற்குப் பின்னர்தான் மெல்லக் கூடுகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் மூட்டுகளைக் கட்டும் பிணைநார்களும் இவ்விரண்டையும் விடத் தாமதமாகவே உறுதி பெறுகின்றன. தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் தம்மைப் புது மனிதராக உணரும் ஒருவர் அந்த உற்சாகத்தில் பளுவை இரட்டிப்பாக்கும்போது முழங்கையிலும் முழங்காலிலும் வலி கண்டு முடங்குவதற்கு, இந்த மூன்று வேகங்களுக்கும் இடையிலான வேறுபாடே பெரும்பாலும் காரணமாகிறது. இருபது வயதுக்காரரின் உடல் இப்பிழையை மன்னித்துவிடும். நாற்பத்தைந்தில் அதற்கு மாதக்கணக்கில் விலை கொடுக்க நேரும்.

பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லும் முறைக்கு மருத்துவ அடிப்படை அமைத்தவர் தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்கப் படை மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காலில் காயமுற்ற வீரர்களுக்குக் கனத்த எடைகளைத் தூக்கவைத்து அவர்களை விரைவில் நடக்கச் செய்த அவர், 1945இல் அம்முறையை வெளியிட்டார். வயது ஏறிவிட்டதே என்று தயங்குபவர்கள் அறிய வேண்டிய மற்றொரு ஆய்வு 1990இல் வெளிவந்தது. மரியா ஃபியாட்டரோனும் உடனாய்வாளர்களும் பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைக்கான கடும் பளுப்பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நாற்பது வயதுக்காரர் தம் வயதைக் காரணமாகச் சொல்வதற்கு இதற்குப் பிறகு இடமில்லை. வயதாக ஆக முதலில் மெலிவது விரைந்து சுருங்கும் வகைத் தசைநார்கள் என்பதும், தடுக்கி விழப்போகும் கணத்தில் காலை எட்டி வைத்து உடலைத் தாங்குவதற்கு அவையே தேவை என்பதும், எறிதலும் பாய்தலும் நிறைந்த கலையொன்றை வெறும் நடைப்பயிற்சிக்கு மேலானதாக ஆக்குகின்றன.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது இல்லை. நம் தேகப்பயிற்சிக் கூடங்கள் தலைமுறைகளாக நம்பிவந்த தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகிய மூன்றும், தோள், தொடை, இடுப்பு ஆகியவற்றின் வலிமையையும் மூட்டுகளின் சுழற்சியையும் ஒருங்கே வளர்ப்பவை. கர்லாக்கட்டைச் சுழற்சியை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயப் படையதிகாரிகள் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண் பெண் இருபாலாரின் உடற்பயிற்சியாகப் பரவி, 1904, 1932 ஒலிம்பிக்குகளில் போட்டியாகவும் இடம்பெற்றது. பிறந்த மண்ணில் அது பழங்கதையாகிப்போனது வருந்தத்தக்கது. அலுவல், குடும்பம், உறக்கம் மூன்றுக்கும் நடுவே நேரம் தேடுபவருக்கு வாரத்தில் இரண்டு நாள் பாயும் இரண்டு நாள் பளுவும் போதும். தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளேனும் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆகும். அதற்கு மேல் ஏற்றிக்கொள்ளும் பயிற்சி, உறக்கத்தைக் களவாடுமானால், வலிமையைக் கூட்டாமல் குறைக்கவே செய்யும்.

பெல்ட்டின் நிறத்தைப் பற்றிய பதற்றமும் வயதுவந்த மாணவரை அலைக்கழிப்பது. கானோ 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் டான் என்னும் தகுதிநிலையை வழங்கினார். கறுப்பு பெல்ட் சில ஆண்டுகள் கழித்தே வழக்கத்துக்கு வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று இடையிலுள்ள வண்ண வரிசை ஐரோப்பாவில், சிறப்பாக 1935 முதல் பாரிசில் கற்பித்த கவாய்ஷி மிக்கினோசுகேயின் வழியே பரவியது. தொலைவான இலக்கை எண்ணிச் சோர்பவருக்கு இடையிடையே ஊக்கம் தருவது அதன் நோக்கம். தேர்வுக் கட்டணத்துக்கான ஏற்பாடாக அது சுருங்கிவிட்ட கூடங்களில் நிறம் மாறுகிறது, திறன் மாறுவதில்லை. இதற்கு எதிர்முனையில் நிற்பவர் ஃபுகுடா கெய்கோ. கானோவின் முதல் ஆசானுடைய பேத்தியான அவர், ஐந்தடிக்கும் குறைந்த உயரத்தோடு, இருபது வயதைக் கடந்த பின் 1935இல் கோடோகானின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். பெண்கள் ஐந்தாம் டானுக்கு மேல் உயரக்கூடாது என்ற எழுதாத விதியால் 1953இல் பெற்ற அந்நிலையிலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டும், கற்பதையும் கற்பிப்பதையும் நிறுத்தவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் குடியேறி, 2011இல் தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் அமெரிக்க ஜூடோ அமைப்பிடமிருந்து பத்தாம் டான் பெற்றார். 2013இல் மறையும் காலம்வரை தம் பயிற்சிக்கூடத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு அறவில்லை. திருமணம் செய்துகொண்டால் பயிற்சியைக் கைவிட நேரும் என்பதற்காகத் திருமணத்தையே துறந்தவர் அவர். அத்தகைய தேர்வை எந்தப் பெண்ணுக்கும் விதிக்காத கூடங்கள் அமைய வேண்டும் என்பதே அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கோரிக்கை.

இந்தியாவுக்கு ஜூடோ வந்த வழியும் கல்விக்கூடத்தின் வழியே. ஜப்பானியரின் இக்கலைமீது ஈடுபாடு கொண்டிருந்த ரவீந்திரநாத் தாகூர், 1929இல் தக்காகாகி ஷின்சோ என்ற கோடோகான் ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து, மாணவர்களோடு மாணவிகளுக்கும் பயிற்சி அளிக்கச் செய்தார். இசையும் ஓவியமும் கற்ற அதே வளாகத்தில் எறியவும் விழவும் கற்பிக்கப்பட்டது. இன்று நம் ஊர்களில் கராத்தே, சிலம்பம், ஜூடோ வகுப்புகள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களுடைய சான்றிதழ்களையும் மையமாகக் கொண்டே இயங்குகின்றன, பெற்றோர் வாசலில் செருப்புகளுக்குக் காவலாக அமர்ந்திருக்கின்றனர். அவர்களையும் உள்ளே அழைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பயிற்சிக்கூடம் நடத்தும் ஆசான்கள் வாரத்தில் இரண்டு மாலைகளை முப்பது வயது கடந்த தொடக்கநிலையினருக்கென்று ஒதுக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் அங்கே ஒரே மதிப்பு இருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் விழும் முறையையும் தண்டாலையும் பஸ்கியையும் தவிர வேறெதையும் கற்பிக்கக் கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய், கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடு மட்டுமே சேர்க்கப்பட வேண்டும். மாநகராட்சி விளையாட்டரங்குகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் இரவு எட்டு மணிக்குப் பிறகு இந்தத் தொடக்கநிலையினருக்காகத் திறந்திருக்கட்டும்.